வெஸ்டெர்ம்: கரண்ட் போனாலும் வேலை போகாத டெர்மினல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்துகொண்டு வெளிநாட்டு சேர்வர்களைப் பார்க்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க டெர்மினல்தான், அதாவது கட்டளைகளை எழுத்தில் தட்டி வேலை வாங்குகிற ஜன்னல். நோம் டெர்மினல், அலாக்ரிட்டி, கிட்டி எல்லாம் பாவித்துவிட்டு இப்போது நிலைத்திருப்பது வெஸ்டெர்மில். வெஸ் ஃபர்லோங் ரஸ்ட் மொழியில் எழுதியது, இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மக் மூன்றிலும் ஓடும்.

அலாக்ரிட்டி நல்ல வேகம். ஆனால் அதன் கொன்ஃபிக்கில், அதாவது அமைப்புகளை எழுதி வைக்கிற கோப்பில், நிறம், எழுத்துரு, குறுக்குவிசை என்று எழுதி வைக்கலாமே தவிர, "இப்படி நடந்தால் இதைச் செய்" என்று சொல்ல வழியில்லை. கிட்டிக்குப் பைதன் மொழியில் கிட்டன் என்கிற சின்னத் துணைப் புரோகிராம்கள் எழுதலாம், அருமையான வசதி. விண்டோஸில் ஓடாததால் எங்கள் ஒஃபிசுக்குச் சரிவரவில்லை. வெஸ்டெர்மில் கொன்ஃபிக் கோப்பே லுவா என்கிற சின்ன மொழியில் எழுதிய ஒரு புரோகிராம். சேமித்த கையோடு மாற்றம் திரைக்கு வந்துவிடும்.

இந்த டெர்மினல் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். இப்போது அந்த நிலை இல்லை. என்றாலும் ஒரு மழைக்காற்றுக்கு லைன் போய்விடும். கரண்டோடு ரவுட்டர் போகும், சேர்வருக்குப் போகிற பாதுகாப்பான எஸ்எஸ்எச் இணைப்பு அறும், பாதியில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் பக்கப் நின்றுவிடும். சேர்வரிலும் வெஸ்டெர்மை நிறுவி, கொன்ஃபிக்கில் அதை ஓர் எஸ்எஸ்எச் டொமைனாக (டாப்கள் ஓடுகிற இடத்தை வெஸ்டெர்ம் டொமைன் என்கிறது) பதிந்துவிட்டால், டாப்களும் (tab) அவற்றில் ஓடுகிற வேலைகளும் சேர்வர் பக்கமே உயிரோடு இருக்கும். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு மறுபடி இணைத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். சேர்வரில் வேலைகளை உயிரோடு வைத்திருக்கிற டிமக்ஸ் என்கிற புரோகிராமும் இதைச் செய்யும்தான். இங்கே ஸ்க்ரோல், கொப்பி, குறுக்குவிசை எல்லாம் சொந்த மெஷினில் திறந்த டாப் போலவே நடக்கின்றன. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற பதிப்பு இருக்க வேண்டும். சேர்வரில் எதையும் நிறுவ விடாத வாடிக்கையாளர் என்றால் சேர்வர் பக்கம் டாப்களை வைத்திருக்கிற இந்த வசதியை (மல்டிபிளெக்ஸிங்) நிறுத்திவிட்டு வெறும் எஸ்எஸ்எச் ஆகத்தான் பாவிக்கலாம்.

என் கொன்ஃபிக்கில் எனக்கு மிகவும் பிடித்த துண்டின் பலன் டாப் பட்டையின் வலது மூலையில் தெரிகிறது. 'அப்டேட் ஸ்டேட்டஸ்' என்ற நிகழ்வு வழமையாகச் செக்கனுக்கு ஒருமுறை எழும், எழும்போதெல்லாம் அதற்கென்று நான் எழுதிய ஃபங்ஷன் ஓடும். அதற்குள் பட்டரி விபரத்தைக் கேட்டால் சார்ஜ் 0 முதல் 1 வரையான எண்ணாக வரும். நூறால் பெருக்கிக் காட்டுகிறேன். நிலை 'டிஸ்சார்ஜிங்' என்று வந்தால் எழுத்து சிவப்பாகும். ஹெட்ஃபோன் போட்டபடி இருந்தாலும் கரண்ட் போனது உடனே தெரிந்துவிடும். அதே ஃபங்ஷனுக்குள், நான் நிற்கிற டொமைன் உண்மையான வாடிக்கையாளர் சேர்வராக இருந்தால் பின்னணியைக் கருஞ்சிவப்பாக மாற்றுகிற சில வரிகளும் உண்டு. அதை எழுதும்போது, நிறம் ஏற்கெனவே மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் செக்கனுக்குச் செக்கன் கொன்ஃபிக் மறுபடி ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒஃபிஸில் விண்டோஸ் பாவிக்கிற தம்பி ஒருவர், "அக்கா, உங்கட ஃபைலை அப்பிடியே எனக்குத் தரேலுமோ?" என்று கேட்டார். தாராளமாகத் தரலாம். எந்த மெஷினில் ஓடுகிறது என்பதை 'டார்கெட் ட்ரிபிள்' என்கிற மதிப்பு சொல்லும். விண்டோஸ் என்றால் அதன் கட்டளை ஷெல்லான பவர்ஷெல்லைத் திற என்று ஒரு இஃப் (if) நிபந்தனை போட்டேன், அவ்வளவுதான். கோப்பைக் கிட் (Git) என்கிற கோப்புப் பகிர்வு, பதிப்புக் காப்பு முறையில் வைத்து இரண்டு பேரும் பாவிக்கிறோம். ஏதாவது பிழைத்தால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எல் அழுத்துங்கள். பிழைச் செய்தியோடு, லுவா வரிகளை அங்கேயே தட்டிப் பார்க்க ஓர் இடமும் திறக்கும். தொடக்கத்தில் 'கொன்ஃபிக் பில்டர்' போட்டிருந்தால், எழுத்துப் பிழையான பெயர்களையும் அது காட்டிக்கொடுக்கும்.

குறைகளும் உண்டு. தமிழ் வாசிப்பு இன்னும் சுகமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழை இரண்டாவது எழுத்துருவாகக் கொடுத்திருக்கிறேன். எழுத்துகள் வருகின்றன, ஆனால் 'ஞ', 'ணை' போன்ற அகல எழுத்துகள் கட்டத்துக்குள் நெருக்குப்படுகின்றன. தமிழ்க் கோப்பை வாசிக்க நான் எடிட்டருக்குத்தான் போகிறேன். மெமரியும் அலாக்ரிட்டியை விடக் கூடத் தின்னும், 4 ஜிபி லப்டொப்பில் யோசித்து நிறுவுங்கள். கொன்ஃபிக் கோப்பு பல முறை ஓட்டப்படும் என்பதால், வேறு புரோகிராமைத் தொடக்கிவைக்கிற வரியை வெளியே எழுதாமல் வெஸ்டெர்ம் தொடங்கும்போது எழுகிற 'குயி ஸ்டார்ட்அப்' நிகழ்வுக்குள் எழுத வேண்டும்.

மற்றவர்கள் எழுதிய துணைப் புரோகிராம்களைச் சேர்க்கிற பிளகின் வசதி இருக்கிறது: ஒரு கிட் முகவரியைக் கொடுத்தால் தானே இறக்கிக்கொள்ளும். அப்படி வருகிற லுவா உங்கள் கணக்கின் முழு உரிமையோடு ஓடும், தடுப்பு எதுவும் கிடையாது. சேர்வர்ச் சாவிகள் இருக்கிற மெஷின் என்பதால், நான் வாசித்துப் பார்க்காத பிளகினைப் போடுவதில்லை. 2024 பெப்ரவரியில் வந்த நிலையான பதிப்புக்குப் பிறகு நீண்ட நாளாக நைட்லிதான், அதாவது அடிக்கடி தானாகக் கட்டி வெளியிடுகிற சோதனைப் பதிப்புதான், வந்துகொண்டிருக்கிறது. புதிதாக நிறுவுகிறவர்கள் சேர்வரிலும் லப்டொப்பிலும் ஒரே நாளில் ஒரே நைட்லியை இறக்கிக்கொள்ளுங்கள்.