பழைய ராணுவ பேட்ஜை அடையாளம் காண கூகுள் லென்ஸ்: எதுவரை நம்பலாம்?

மெட்டல் டிடெக்டரில் கிடைத்த பிரிட்டிஷ் தொப்பி பேட்ஜ் எந்த ரெஜிமெண்டுடையது (படைப்பிரிவு) என்று தேட, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ் நல்ல தொடக்கம். இலவசம், நொடியில் நாலைந்து பெயர் தந்துவிடும். ஆனால் எந்தக் காலத்தது, அசலா போலியா என்பதை அதனிடம் கேட்காதீர்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம்.

படம் சரியில்லையென்றால் அந்த மூன்றும் கிடைக்காது. முதலில் பேட்ஜைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பல்குத்தும் மரக்குச்சியால் மண்ணை மட்டும் எடுங்கள். எலுமிச்சையும் வினிகரும் வேண்டவே வேண்டாம். அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்து, செம்பு நிறத் திட்டுகளை விட்டுவிடும். கம்பி பிரஷ் போட்டால் களிம்போடு எழுத்தும் போய்விடும். ஃபிளாஷை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் நன்றாகத் தாழ்த்திப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்துக்கு நிழல் விழும். ஒவ்வொரு பக்கமிருந்தும் வெளிச்சம் காட்டி ஒரு படம் எடுங்கள். படிக்க முடிகிற எழுத்துகளையும் தேடலில் சேர்த்தால் முடிவு வெகுவாகத் திருந்தும்.

லென்ஸ் தடுமாறுவது பொதுவான சின்னங்களில். ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலை, சிங்க உடல்) உருவத்தைப் பாருங்கள்: 1801 எகிப்துப் போருக்காகக் கிடைத்த கௌரவம் என்பதால் குளோஸ்டர்ஷயர், லிங்கன்ஷயர், ஈஸ்ட் லங்காஷயர், சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆகிய ரெஜிமெண்டுகள் எல்லாவற்றிடமும் உண்டு. உருவத்தை விட்டுச் சுற்றியிருப்பதைப் பாருங்கள். கீழே ரோஜா, மேலே கிரீடம் என்றால் ஈஸ்ட் லங்காஷயர். ஸ்பிங்க்ஸ், சுடர்விடும் கையெறி குண்டின் உருண்டைமேல் இருந்தால் லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸ். இரண்டு உலோகத்தில் செய்த பேட்ஜில் ஒரு பகுதி மண்ணிலேயே கழன்று போயிருந்தால் மிச்சம் வேறொரு பேட்ஜ் போலவே தெரியும், லென்ஸும் அப்படியே சொல்லும்.

காலத்தைக் கணிக்கக் கிரீடம் உதவும், ஆனால் லென்ஸ் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வளைவுகள் உருண்டு மேலெழுந்தால் அரசர் கிரீடம், 1901 முதல் 1952 வரை. நடுவில் பள்ளமாக இறங்கினால் இரண்டாம் எலிசபெத் காலம். விக்டோரியா கிரீடமும் மேலே உருண்டிராமல் தட்டையாக இருக்கும் என்பதால் அங்கே அவசரம் கூடாது. 2022-க்குப் பின் அரசர் சார்லஸுக்கு மறுபடி உருண்ட கிரீடமே வந்திருக்கிறது. இரண்டு உலோகமாக இருக்க வேண்டியது முழுக்கப் பித்தளையில் இருந்தால் முதல் உலகப்போரின் 1916 சிக்கன உத்தரவுக்கால அச்சாக இருக்கலாம்.

பின்பக்கத்தை லென்ஸ் பார்ப்பதே இல்லை, பாதி உண்மை அங்கேதான் இருக்கிறது. அச்சில் அடித்த பேட்ஜின் முதுகில் முன்பக்க உருவத்தின் குழிவு தெரியும். முதுகு தட்டையாக, ஊசிக்குத்துப் புள்ளிகளோடு சொரசொரப்பாக இருந்தால் வார்ப்புப் போலியோ என்று சந்தேகியுங்கள். தொப்பியில் மாட்டப் பின்னால் வைத்த வளையங்கள் உடைந்திருந்தாலும் ஈயப்பற்றின் தடம் இருக்கும்: இரண்டு பொட்டு என்றால் வளையம், நெடுக ஒரே கோடு என்றால் தொப்பியில் செருகும் தட்டையான நாக்கு.