ஒற்றையரா, இரட்டையரா: மெக்சிகோ பாட்மின்டன் வீரர் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

2016 ரியோ ஒலிம்பிக்கில் கிடாம்பி ஸ்ரீகாந்த் தம் முதல் ஆட்டத்தை 21-11, 21-17 என்ற கணக்கில் வென்றார். வலையின் மறுபக்கம் நின்றவர் மெக்சிகோவின் லினோ முன்யோஸ் என்பது நம்மில் பெரும்பாலோருக்கு நினைவிருக்காது. அதே ஸ்ரீகாந்த் சில நாட்கள் கழித்துக் காலிறுதியில் இருமுறை ஒலிம்பிக் சாம்பியனான சீனாவின் லின் டானை மூன்றாவது கேம் வரை இழுத்துச் சென்று 18-21 என்று தோற்றார். அப்படிப்பட்டவரிடம் ஒரு கேமில் 17 புள்ளிகள் எடுத்ததைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. முதல் சுற்றில் முன்யோஸ் இடம்பெற்ற குழுவில் மொத்தமே மூன்று பேர். ஸ்வீடனின் ஹென்றி ஹுர்ஸ்கைனன் மூன்றாமவர். ஆகவே இரண்டு ஆட்டங்களோடு அவருடைய ஒலிம்பிக் முடிந்தது.

முன்யோஸ் ஒற்றையர் மட்டும் ஆடியவர் அல்லர். ஜோப் காஸ்டியோவுடன் சேர்ந்து ஆடவர் இரட்டையரிலும் களம் கண்டவர். பாட்மின்டன் பெரிய விளையாட்டாக இல்லாத ஒரு நாட்டில், கையில் இருக்கும் சில ஆண்டுகளையும் கொஞ்சப் பணத்தையும் எந்தப் பிரிவில் செலவிடுவது என்ற கேள்வி அவரைப் போன்ற ஒவ்வொருவர் முன்னும் வந்து நிற்கிறது. மிகச் சிறிய அளவில் அதே கேள்வி எனக்கும் வந்ததுண்டு. நான் ஒற்றையரைத் தேர்ந்தெடுத்தேன். மாவட்ட அளவைத் தாண்டாத ஆட்டக்காரனின் தேர்வு அது என்பதையும், இரட்டையரைப் பற்றி நான் சொல்வதில் பார்த்தறிந்ததே மிகுதி, ஆடியறிந்தது குறைவு என்பதையும் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தெரிந்த வேறுபாடுகளை நீட்டத் தேவையில்லை. ஒற்றையர் ஆட்டத்தில் கோர்ட்டின் அகலம் 5.18 மீட்டர், இரட்டையரில் 6.10 மீட்டர். முன்னதில் காலும் மூச்சும் முதலில் சோதிக்கப்படும். பின்னதில் கையின் வேகமும் சர்வீஸை எதிர்கொள்ளும் முதல் இரண்டு அடிகளும். ஒற்றையரில் முழங்கால் சீக்கிரம் தேய்கிறது என்பார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனால் மெக்சிகோ வீரர் ஒருவரின் விளையாட்டு வாழ்க்கையை இவை எவையும் தீர்மானிப்பதில்லை.

மெக்சிகோவுக்கே உரிய ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறகுப்பந்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே காற்றின் தடைதான் என்பதால், கடலோர ஊரில் எல்லைக்கோட்டுக்குள் விழும் அடி அங்கே வெளியே பறந்துவிடும். ஆட்டத்துக்கு முன் பந்தைச் சோதிக்கும் முறையைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பின் எல்லைக்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழுவீச்சில் அடித்தால், பந்து எதிர்ப்புறப் பின் எல்லைக்கோட்டுக்கு 530 மில்லிமீட்டர் முதல் 990 மில்லிமீட்டர் வரை முன்னதாக விழ வேண்டும் என்பது விதி. உயரமான ஊர்களில் இந்த அளவுக்குள் பந்தை நிறுத்துவதற்காகவே மெதுவாகப் பறக்கும் வகைப் பந்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுத்தாலும், மேட்டுநிலத்தில் பழகிய ஒற்றையர் ஆட்டக்காரர் கடலோர நகரங்களுக்குப் போகும்போது பின்கோர்ட் அடிகளின் நீளத்தைப் புதிதாக அளந்துகொள்ள வேண்டியிருக்கும். வலையை ஒட்டியும் நடுக்கோர்ட்டிலும் தட்டையாக அடித்து ஆடும் இரட்டையருக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இது இரட்டையருக்குச் சாதகமான குறிப்பு.

அந்தப் பக்கத்துக்கு இன்னும் இரண்டு வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது, மண்டலப் பதக்கங்கள். மத்திய அமெரிக்க, கரீபியன் விளையாட்டுப் போட்டிகளில் அமெரிக்காவும் கனடாவும் கலந்துகொள்வதில்லை. குவாத்தமாலா, கியூபா, டொமினிக்கன் குடியரசு போன்றவையே போட்டியாளர்கள். ஒத்துழைத்து ஆடும் தேர்ந்த ஜோடிகள் எங்கும் குறைவு என்பதால், ஓரளவு பழகிய ஜோடிக்கே பதக்க மேடை எட்டும் தூரத்தில் இருக்கும். மெக்சிகோவின் அரசு விளையாட்டு ஆணையமான கொனாதே உதவித்தொகை கொடுக்கும்போது போட்டி முடிவுகளைத்தான் பார்க்கிறது. ஆகவே அந்தப் பதக்கத்தின் மதிப்பு கழுத்தோடு நின்றுவிடுவதில்லை. இரண்டாவது, ஒலிம்பிக்கில் இரட்டையர் குழுக்கள் பொதுவாக நான்கு ஜோடிகளைக் கொண்டவை. தகுதி பெற்றுவிட்டால் மூன்று ஆட்டங்கள் உறுதி. அவ்வளவு தூரம் போய் இரண்டே ஆட்டங்களோடு பெட்டியைக் கட்டும் நிலை அங்கே இல்லை.

ஆனால் அந்தத் தகுதியைப் பெறுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 40 பேர் ஆடுகிறார்கள். இரட்டையரில் பிரிவுக்கு வழக்கமாக 16 ஜோடிகள். ஒரு நாட்டின் இருவர் உலகின் முதல் 16 இடங்களுக்குள் இருந்தாலொழிய, ஒற்றையரில் அந்த நாட்டுக்கு ஓர் இடம்தான். சீனாவும் இந்தோனேசியாவும் டென்மார்க்கும் எத்தனை வீரர்களை வைத்திருந்தாலும் இந்த வரம்பு அவர்களைத் தடுக்கிறது. அதனால் தரவரிசையில் 50-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் கதவு திறக்கிறது. ரியோ ஆடவர் ஒற்றையரில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து முன்யோஸோடு குவாத்தமாலாவின் கெவின் கோர்டோன், கியூபாவின் ஓஸ்லெனி குவெரேரோ, அமெரிக்காவின் ஹோவர்ட் ஷு, கனடாவின் மார்ட்டின் ஜிப்ரே, பிரேசிலின் இகோர் கோயெல்யோ ஆகியோரும் ஆடினார்கள். அதே ரியோவில் ஆடவர் இரட்டையரில் இந்தக் கண்டத்திலிருந்து வந்தது அமெரிக்காவின் பிலிப் சியூ, சத்தாவத் பொங்னைரத் ஜோடி ஒன்றுதான். டோக்கியோவில் இரண்டு ஜோடிகள் வந்தன. ஒன்று அமெரிக்கா, மற்றொன்று கனடா. அதாவது ஒற்றையரில் கண்டத்தின் முதல் ஐந்தாறு பேருக்குள் இருந்தால் போதும். இரட்டையரில் வடக்கே உள்ள இரண்டு பெரிய அண்டை நாடுகளில் ஒன்றையாவது முந்த வேண்டும்.

மெக்சிகோவின் பட்டியலும் இதையே காட்டுகிறது. 2008 பெய்ஜிங்கில் தேயனீரா அங்குலோ, 2012 லண்டனில் விக்டோரியா மோந்தேரோ, ரியோவில் முன்யோஸ், டோக்கியோவில் ஹராமாரா கைட்டான், 2024 பாரிஸில் லூயிஸ் ரமோன் காரிதோ. ஐந்து ஒலிம்பிக், ஐந்து பேர், ஐவரும் ஒற்றையர்.

இந்த எண்ணிக்கையை விடவும் என் முடிவைத் தீர்மானித்த காரணம் ஒன்று உண்டு. தரவரிசைப் புள்ளி யாருடைய சொத்து என்பதே அது. உலகத் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளைக் கூட்டி வருவது. மெக்சிகோ வீரர் போன்றவர்கள் வாழ்வது பெரிய போட்டிகளில் அல்ல, அடிமட்டப் போட்டிகளில். இன்டர்நேஷனல் சேலஞ்ச் வகைப் போட்டியை வென்றால் 4,000 புள்ளிகள், இன்டர்நேஷனல் சீரிஸை வென்றால் 2,500, ஃபியூச்சர் சீரிஸை வென்றால் 1,700. வெல்லாமல் காலிறுதியோடு திரும்பினால் இன்னும் குறைவு. ஒவ்வொரு புள்ளியும் 52 வாரங்களில் காலாவதியாகிவிடும் என்பதால், ஒருமுறை ஏறிய படியில் நிற்பதற்கே மறுபடியும் பயணம் போக வேண்டும். இந்தப் பராமரிப்புச் செலவுதான் சிறிய பாட்மின்டன் நாடுகளின் ஆட்டக்காரர்களை முடக்குகிறது. பரிசுப் பணம் விமானச் சீட்டுக்கே போதாத போட்டிகள்தான் அதிகம்.

ஒற்றையர் ஆட்டக்காரர் இந்தச் சுமையைத் தனியாகச் சுமக்கிறார். ஆனால் சேர்ப்பது முழுக்க அவர் பெயரில் சேர்கிறது. கையில் பணம் இருக்கும் மாதத்தில் மூன்று போட்டிகள், இல்லாத மாதத்தில் வீட்டிலேயே பயிற்சி என்று அவர் திட்டமிட முடியும். தேர்வு வந்தால் ஒரு போட்டியை விடலாம், காயம் ஆறும்வரை காத்திருக்கலாம். பயிற்சியாளரை மாற்றினாலும் ஊரை மாற்றினாலும் புள்ளிகள் கூடவே வரும். பிரேசிலின் கோயெல்யோ டென்மார்க்கில் பயிற்சி எடுக்கப் போனபோது அவர் யாரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கக் கண்ட நாடுகள் மோதும் பான் அமெரிக்கப் போட்டியில், 2019-இல் லிமாவிலிருந்து ஆடவர் ஒற்றையர் தங்கத்தோடு திரும்பினார்.

இரட்டையரிலோ புள்ளி ஜோடியினுடையது. இருவரும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் நல்ல உடல்நிலையில் இருந்தால்தான் பத்துப் போட்டிகளில் ஒன்று கணக்கில் ஏறும். அறை வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது உண்மை. விமானச் சீட்டைப் பங்கிட முடியாது. இரண்டு கல்லூரிகளின் தேர்வு அட்டவணை, இரண்டு முதலாளிகளின் பொறுமை, நான்கு முழங்கால்கள் என அனைத்தும் ஓராண்டு முழுவதும் ஒத்துவர வேண்டும். கூட்டாளிக்கு வேலை கிடைத்துவிட்டாலோ திருமணம் முடிவாகிவிட்டாலோ அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சியிருப்பவர் புதியவரோடு சேரும்போது, பழைய ஜோடியின் புள்ளிகள் ஒலிம்பிக் தகுதிக் கணக்கில் அவருக்குத் துணை வருவதில்லை. புதிய ஜோடி தன் கணக்கை அடியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தோனேசியாவில் கூட்டாளி விலகினால் அதே பயிற்சி முகாமில் அதே தரத்தில் இன்னொருவர் காத்திருப்பார். மெக்சிகோவில் அந்தத் தரத்தில் ஆடுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் தலைநகர், மோந்தெர்ரே, குவாதலஹாரா என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் சிதறிக் கிடப்பார்கள்.

ஒற்றையரின் பக்கம் சாய்ந்தாலும் ஒரு சங்கடத்தை நான் மறைக்கவில்லை. மேலே சொன்ன ஐந்து மெக்சிகோ பெயர்களில் ஒன்றாவது இரண்டாவது முறை வரவில்லை. 2011 குவாதலஹாரா பான் அமெரிக்கப் போட்டியில் சொந்த மண்ணில் மகளிர் ஒற்றையர் வெண்கலம் வென்று, மறு ஆண்டே லண்டன் சென்ற மோந்தேரோவுக்கும் அது ஒரே ஒலிம்பிக்தான். ஓராண்டு முழுமூச்சாகப் போட்டிகளைத் துரத்தி ஓர் இடத்தைப் பிடிப்பது முடிகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஓட்டத்தை மறுபடி ஓட உடலோ பணமோ இடம் கொடுப்பதில்லை போலும். இதற்கு எதிர்ச்சான்றாக அண்டை நாட்டு கோர்டோன் நிற்கிறார். 2008 முதல் 2024 வரை ஐந்து ஒலிம்பிக்கில் ஆடியவர் அவர். 2011-லும் 2015-லும் பான் அமெரிக்கத் தங்கம் வென்றார். டோக்கியோவுக்கு உலகின் 59-ஆம் இடத்தில் இருந்தபடி வந்து, 34 வயதில் அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பிடித்தார். இடையில் முழங்கால் காயங்கள் அவரை நீண்ட காலம் வெளியே உட்கார வைத்தன. திரும்பி வந்தபோது அவர் எந்தக் கூட்டாளிக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இழந்த புள்ளிகளைத் தனியாகவே மீட்டுக்கொண்டார். இரட்டையர் ஆட்டக்காரராக இருந்திருந்தால், அந்த இடைவெளியில் அவருடைய கூட்டாளி வேறு பிழைப்பைத் தேடிப் போயிருக்க மாட்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் கோர்டோன் விதிவிலக்கு. அவரை வைத்து ஒற்றையர் நீண்ட ஆயுள் தரும் என்று நான் வாதிட மாட்டேன்.

கலப்பு இரட்டையரைத் தனியாக அலசவில்லை. அதற்கும் ஜோடியின் புள்ளி என்ற அதே கட்டு உண்டு. ஒற்றையர் ஆடப் போன ஊரில் நுழைவுக் கட்டணத்தை மட்டும் கூடுதலாகக் கட்டி ஆடிவிட்டு வரலாம் என்ற அளவில் அது பயன்படும். ஆடவர் இரட்டையரையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்வது நல்லது: மண்டலப் போட்டி நடக்கும் ஆண்டில் பதக்கத்துக்காக இரட்டையர், ஒலிம்பிக் தகுதி ஆண்டில் ஒற்றையருக்கே முன்னுரிமை.

என் கணக்கு மாறும் இடம் ஒன்று மட்டும் உண்டு. டோக்கியோவில் அமெரிக்காவுக்காக ஆடவர் இரட்டையர் ஆடிய பிலிப் சியூவும் ரயன் சியூவும் உடன்பிறந்தவர்கள். பாட்மின்டனிலேயே ஊறிய குடும்பத்துப் பிள்ளைகள். ஒரே வீடு, ஒரே பயிற்சி நேரம், ஒரே குடும்பத்தின் பணம் என்றால் நான் மேலே அடுக்கிய தடைகளில் பாதி தாமாகவே விலகிவிடும். மோந்தெர்ரேயிலோ குவாதலஹாராவிலோ ஒரே தரத்தில் ஆடும் அண்ணன் தம்பியோ அக்கா தங்கையோ இருந்தால், அவர்களுக்கு இரட்டையரையே சொல்வேன்.