பிரஸ்பிட்டேரியன் ஆராதனைக்கு முதன்முறையாகச் செல்பவர் எதிர்பார்க்கக்கூடியவை

மூப்பர்களால் வழிநடத்தப்படும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவான பிரஸ்பிட்டேரியன் சபையின் ஆலயம் ஒன்றினுள் நுழைபவர் பெரும்பாலும் அங்கே சொரூபங்களையோ தூபத்தையோ காணமாட்டார். முன்புறத்தில் பிரசங்க பீடமும், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கான மேசையும், ஞானஸ்நானத் தொட்டியும் இருக்கும். பழைய ஆலயங்கள் பலவற்றில் பிரசங்க பீடம் நடுவிலேயே உயர்ந்து நிற்கும். வேதம் வாசிக்கப்படுவதும் விளக்கப்படுவதுமே இந்த ஆராதனையின் உயிர்நாடி என்பதையும், மற்றவை யாவும் அதற்கு ஆயத்தமாகவோ மறுமொழியாகவோ அமைந்தவை என்பதையும் அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. வேறு சபைப் பிரிவுகளின் ஆராதனைகளிலும் பங்கேற்றிருக்கும் எனக்கு, புதிதாக வருபவரைத் தடுமாறவிடாமல் கடைசிவரை கொண்டுசெல்லும் இந்த ஒழுங்கின்மீது மிகுந்த மதிப்பு உண்டு.

ஆராதனை பொதுவாக ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று அதிகமாகவோ நடைபெறும். வாசலில் தரப்படும் அச்சிட்ட ஆராதனை முறைமையைக் கையில் வைத்துக்கொண்டால் எதற்கும் தயங்கவேண்டியதில்லை; எழுந்து நிற்க வேண்டிய இடங்கள் அதில் பெரும்பாலும் நட்சத்திரக் குறியால் காட்டப்பட்டிருக்கும். போதகர் வேதவசனம் ஒன்றைச் சொல்லி ஆராதனைக்கு அழைப்பார். பாட்டும் துதி ஜெபமும் தொடரும்.

அதன்பின் வரும் பாவ அறிக்கையை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன். இங்கே எவரும் தனியே அழைக்கப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சபையார் அனைவரும் “நாங்கள்” என்று தொடங்கும் ஒரே ஜெபத்தைச் சேர்ந்து சொல்கிறார்கள். போதகரும் அவர்களுள் ஒருவராகவே அதைச் சொல்கிறார். சற்று நேர மௌனத்திற்குப் பிறகு, அவர் தம் சொந்த அதிகாரத்தால் அல்லாமல், வேதவசனம் ஒன்றை வாசித்தே கடவுளின் மன்னிப்பை அறிவிக்கிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இப்பகுதியைக் கருத்தூன்றிக் கவனித்தால், இந்தச் சபைமரபு மனிதரைப் பற்றியும் கிருபையைப் பற்றியும் என்ன நம்புகிறது என்பது தெளிவாகிவிடும்.

வேதபாட வாசிப்புக்கு முன், கேட்பதைப் புரிந்துகொள்ளத் தூய ஆவியின் துணையை வேண்டும் சிறு ஜெபம் ஒன்று உண்டு. வேதநூல் ஒன்றை எடுத்துக்கொண்டு வாரந்தோறும் வரிசையாக விளக்கிச் செல்லும் வழக்கத்தைப் பல சபைகளில் காணலாம். வேறு பல சபைகள் மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்த பாட அட்டவணையைப் பின்பற்றுகின்றன. வரிசையாக விளக்கும் வழக்கத்தின் வேர் மிக ஆழமானது: 1538இல் ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்ட, இந்த மரபுக்கு அடித்தளமிட்ட சீர்திருத்தவாதி ஜான் கால்வின், 1541இல் திரும்பி வந்தபோது, நடந்ததைப் பற்றிப் பேசாமல், தாம் நிறுத்திய வேதபகுதியிலிருந்தே விளக்கத்தைத் தொடர்ந்தார். பிரசங்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் நீள்வது இயல்பு. நல்ல பிரசங்கியார் கிடைத்தால் அந்த நேரம் போவதே தெரியாது. ஆனால் பிரசங்கம் வெறும் விரிவுரையாகிவிடும் நாளில், மனத்தைத் தாங்கிப் பிடிக்க வேறு அதிகம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; இந்த மரபின் உண்மையான பலவீனம் அதுவே.

இசையைப் பொறுத்தவரை சபைக்குச் சபை வேறுபாடு மிகுதி. வேதத்தின் சங்கீதங்களைப் பாட்டாக அமைத்து 1562இல் முழுமைபெற்ற ஜெனீவா சங்கீதப் புத்தகமும், 1650இல் வெளிவந்த ஸ்காட்லாந்து சங்கீதப் புத்தகமும் ஊன்றிய விதையால், இன்றும் சில சிறிய சபைப் பிரிவுகள் இசைக்கருவி எதுவுமின்றிச் சங்கீதங்களை மட்டுமே பாடுகின்றன. வேறு சில இடங்களில் ஆர்கன் ஒலிக்கும்; இன்னும் சிலவற்றில் கிட்டாரும் டிரம்ஸும் இருக்கும். விருப்பு வெறுப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. சபையின் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு ஜெபம், காணிக்கை ஆகியவை பெரும்பாலும் பிரசங்கத்திற்குப் பின் வரும். காணிக்கைத் தட்டு வரும்போது புதியவர் அதை அடுத்தவரிடம் கடத்திவிடலாம், யாரும் எதிர்பார்க்கப்போவதில்லை.

திருவிருந்து மட்டும் சற்று விளக்கம் தேவைப்படுவது. அது எல்லா ஞாயிறும் நடைபெறுவதில்லை. மாதம் ஒருமுறையோ ஆண்டுக்குச் சிலமுறையோ நடத்தும் சபைகளே அதிகம். அடிக்கடி நடத்த வேண்டும் என்று கால்வின் விரும்பியும், ஜெனீவா நகர மன்றம் ஆண்டுக்கு நான்கு முறைக்கே இடங்கொடுத்தது. பல சபைகளில் மக்கள் முன்னே செல்வதில்லை. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் அப்பத்தையும் சிறு கிண்ணங்களையும் இருக்கைகளுக்கே கொண்டுவருகிறார்கள், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குப் பரிமாறுகிறார். முற்காலத்தில் ஸ்காட்லாந்தில் மூப்பர்கள் ஒருவரைச் சோதித்து அனுமதி அடையாளமாக வழங்கிய உலோக வில்லை இல்லாதவர் மேசையை அணுக முடியாது. இன்று பெரும்பாலான சபைகள், எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகளை வரவேற்கின்றன. சில சபைகள் முன்னதாக மூப்பர்களிடம் பேசும்படி கேட்கின்றன. பங்குபெற மனமில்லாதவர் தட்டை அமைதியாக அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும். அதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

குறைகளும் உண்டு. அறிவிப்பு நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே விளங்கும் குழுப் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகம் செய்யும் வழக்கமும் சில சபைகளில் இருக்கிறது. நல்ல மனத்தோடு செய்யப்பட்டாலும், கூச்சமுள்ளவரை மறுமுறை வரவிடாமல் செய்துவிடும் அந்த வழக்கத்தைச் சபைகள் கைவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். விரும்பாதவர் உட்கார்ந்தே இருக்கலாம்.

ஆசீர்வாதம் கூறி முடித்ததும் போதகர் பெரும்பாலும் வாசலில் நிற்பார். பிரசங்கத்தில் விளங்காததை அங்கேயே கேட்கலாம். கூட்டம் அதிகமாக இருந்தால் மூப்பர் ஒருவரை அணுகலாம். ஒரு ஞாயிற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், திருவிருந்து உள்ள நாளில் ஒருமுறையும் இல்லாத நாளில் ஒருமுறையும் சென்று பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.