பின்னணி நீக்கம்: போட்டோஷாப்பா, கிம்ப்பா, ஒரே சொடுக்குத் தளங்களா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வளைகாப்புக்காக ஃப்ளெக்ஸ் பேனர் செய்து கொடுத்திருந்தேன். அச்சாகி வந்ததை விரித்துப் பார்த்த பெண்ணின் தாயார் முதலில் கேட்டது, "தம்பி, பொண்ணு தலையில வச்ச பூவு எங்கப்பா?" என்பதுதான். திருமண ஆல்பத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தில் பெண் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தார். பின்னணியை ஒரே சொடுக்கில் நீக்கித் தரும் ஒரு தளம், மல்லிகைச் சரத்தில் கழுத்துக்குக் கீழே தொங்கிய பகுதியைச் சுவரின் வெள்ளையோடு சேர்த்துக் கழித்துவிட்டிருந்தது. பெரிதாக்கிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியது என் தவறு. அதன் பிறகு, எந்தக் கருவி கைக்கு வந்தாலும் மல்லிகை சூடிய பெண், வில்லியனூர்ச் சுடுமண் குதிரை, கண்ணாடிக் குப்பி, பித்தளைக் குத்துவிளக்கு ஆகிய அதே நான்கு படங்களை அதில் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பின்னணி நீக்குவதைக் கத்தரிக்கோல் வேலையாக நினைப்பவர்கள் உண்டு. மென்பொருள் உண்மையில் செய்வது, படத்தின் மிகச் சிறிய புள்ளியான ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுப்பதாகும். 0 என்றால் அந்தப் பிக்சல் முழுவதும் மறையும், 255 என்றால் முழுவதும் தெரியும். இந்த எண்களின் தொகுப்பைத்தான் மாஸ்க் என்கிறோம். சுடுமண் குதிரையின் முதுகு போன்ற கெட்டியான விளிம்பில் எண் சட்டென்று மாறிவிடும். நெற்றியோரத்துப் பிசிறு முடியிலோ ஒரே பிக்சலுக்குள் பாதி முடியும் பாதி சுவரும் இருப்பதால் 90, 140 போன்ற இடைப்பட்ட எண்கள் தேவைப்படுகின்றன. அதோடு அந்தப் பிக்சலின் நிறத்திலேயே சுவரின் நிறமும் கலந்திருக்கிறது. நீலத் துணிக்கு முன்னால் எடுத்த ஆளைப் புதுச்சேரி ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர் மேல் ஒட்டும்போது தலையைச் சுற்றி மெல்லிய நீல வளையம் தெரிவது இதனால்தான். எனவே ஒரு கருவி இடைப்பட்ட எண்களை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது, கலந்துபோன நிறத்தைக் களைய வழி தருகிறதா என்பவற்றையே நான் முதலில் பார்க்கிறேன். எத்தனை நொடியில் முடிக்கிறது என்பது அடுத்தபடிதான்.

1990இல் முதன்முதலில் வெளிவந்த போட்டோஷாப், இந்த இரண்டிலும் இன்றும் முன்னால் நிற்கிறது. 2018இல் சேர்ந்த 'செலக்ட் சப்ஜெக்ட்' ஆளை ஒரே சொடுக்கில் பிடித்துத் தரும். அதன் பின் 'செலக்ட் அண்ட் மாஸ்க்' பகுதிக்குள் சென்று, அதற்கென்றே உள்ள பிரஷ்ஷால் முடியோரத்தைத் தடவினால் இடைப்பட்ட எண்களை அது கணித்துக்கொள்ளும். அங்கேயே இருக்கும் 'டிகன்டாமினேட் கலர்ஸ்' என்ற வசதி நீல வளையத்தை முடியின் நிறத்துக்கு மாற்றுகிறது. பிக்சலின் நிறத்தையே மாற்றும் வேலை என்பதால் அதன் விடை புதிய லேயரில், அதாவது மூலப் படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில்தான் வரும். மூலப் படம் அப்படியே இருக்கும்.

ஆனால் வெள்ளைச் சுவர் மேல் தொங்கும் வெள்ளைப் பூவை எந்தத் தானியங்கிக் கருவியிடமும் நம்பி ஒப்படைக்க முடியாது. கூந்தலின் கருமை மேல் இருக்கும் பூக்கள் எளிதில் பிடிபடும். கூந்தலைத் தாண்டி வெளியே வரும் பூக்களைக் கையால்தான் வரைய வேண்டும். அதற்கு நான் செய்வது இது: படத்தின் மேல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கர்வ்ஸ் லேயரை வைத்து, வெளிச்சப் பகுதியின் மாறுபாட்டைக் கண் கூசும் அளவுக்குக் கூட்டிவிடுகிறேன். அப்போது வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் ஒரு சாம்பல் நிழல் எழும்பி வரும். அந்த நிழலைப் பிடித்துக்கொண்டே மாஸ்க்கில் சிறிய பிரஷ்ஷால் பூப்பூவாக வரைந்துவிட்டு, கர்வ்ஸ் லேயரை அழித்துவிட்டால் படம் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். அந்த வளைகாப்புப் பேனரை இப்படித்தான் திரும்பச் செய்து கொடுத்தேன். சரத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது.

போட்டோஷாப்பின் சிக்கல் அதன் சந்தா. 2013இல் அதன் தயாரிப்பாளரான அடோபி புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றியதிலிருந்து, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை போலப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. தினமும் பேனரும் ஆல்பமும் செய்யும் கடைக்கு அது கட்டுப்படியாகும். மாதத்தில் பத்துப் படம் மட்டும் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது.

அத்தகையவருக்கு நான் சொல்வது கிம்ப். 1996இல் வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு விலை கிடையாது. சுடுமண் குதிரை, மரச் செதுக்கல், செருப்பு, பாத்திரம் போன்ற கெட்டியான பொருள்களுக்கு விளிம்பில் கோடு வரைந்து வெட்டும் இதன் 'பாத்ஸ்' கருவி, அதே வேலையைச் செய்யும் போட்டோஷாப்பின் பென் டூலுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்பக்கமாகவே கோட்டைக் கொண்டுபோனால் பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டு வராது. முடிக்கு 'ஃபோர்கிரவுண்ட் செலக்ட்' இருக்கிறது. ஆளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, எது ஆள் என்று உள்ளே தடவிக் காட்டினால் மீதியை அது கணக்கிடும். பெரிய படத்தில் அந்தக் கணக்கு முடிவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். நிறக் கலப்பைக் களைய ஒரே பொத்தான் இதில் இல்லை. விளிம்பில் முடியின் நிறத்தைக் கையால் பூசித்தான் சரிசெய்ய வேண்டும்.

கண்ணாடிக் குப்பிக்கு மட்டும் நான் நேராகக் கிம்ப்புக்குத்தான் போகிறேன், போட்டோஷாப் கையில் இருக்கும்போதுகூட. இதிலுள்ள 'கலர் டு ஆல்ஃபா' ஒரு குறிப்பிட்ட நிறத்தைப் படத்திலிருந்து உறிஞ்சி, அது இருந்த அளவுக்கு அந்த இடத்தை ஊடுருவும் தன்மையுடையதாக்கிவிடும். வெள்ளைத் துணிக்கு முன்னால் எடுத்த குப்பியில் வெள்ளையை உறிஞ்சச் சொன்னால் கண்ணாடியின் கரிய ஓரக்கோடுகள் மட்டும் தங்கி, புதிய பின்னணி உள்ளே தெரியத் தொடங்கும். குப்பி மேல் ஒட்டிய வெள்ளை லேபிளும் கூடவே மறைந்துவிடும் என்பதால் அதை முன்கூட்டியே தனி லேயராக எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஒரே சொடுக்குத் தளங்களில் அதிகம் அறியப்பட்டது, 2018இல் தொடங்கப்பட்ட ரிமூவ் டாட் பிஜி. அதை நடத்திய நிறுவனத்தை 2021இல் கேன்வா என்ற வடிவமைப்புத் தளம் வாங்கிவிட்டது. வேகத்தில் இவற்றோடு போட்டியிட முடியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கோ சிறிய பொருள் பட்டியலுக்கோ தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே இலவசமாகக் கிடைப்பது கால் மெகாபிக்சல் படம், அதாவது ஏறத்தாழ 500க்கு 500 பிக்சல். அந்த ஆளை ஃப்ளெக்ஸில் 5 அடி உயரத்துக்கு நிறுத்தினால் 60 அங்குலத்துக்கு 500 பிக்சல்தான் இருக்கும். ஒவ்வொரு பிக்சலும் 3 மில்லிமீட்டர் சதுரமாக வந்து நிற்கும். முழு அளவு வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். கேன்வாவிலும் பின்னணி நீக்கம் கட்டணத் திட்டத்தில்தான் வருகிறது. அழைப்பிதழ் டெம்ப்ளேட்டுகளுக்காக ஏற்கெனவே பணம் கட்டுபவருக்கு அது கூடுதல் லாபம், இதற்காக மட்டும் சேர வேண்டியதில்லை.

இந்தத் தளங்களில் என்னை அதிகம் தயங்கவைப்பது, வாடிக்கையாளர் வீட்டுப் பெண்களின் படங்களை வேறு யாருடைய கணினிக்கோ ஏற்ற வேண்டியிருப்பதுதான். அதற்கு மாற்றாக ரெம்பிஜி என்ற கட்டற்ற நிரல் இருக்கிறது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலேயே நம் கணினிக்குள் ஓடும். ஒரு கோப்புறையிலுள்ள 200 பொருள் படங்களையும் ஒரே கட்டளையில் முடித்துவிடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியைக் கண்டு அஞ்சுபவருக்கு இது உதவாது. இதற்குள் மாஸ்க்கைக் கணிக்கும் ஏஐ மாதிரிகளில் (மாடல்) பழையதான யூ ஸ்கொயர் நெட், எவ்வளவு பெரிய படத்தைக் கொடுத்தாலும் அதை 320க்கு 320 ஆகச் சுருக்கிப் பார்த்து மாஸ்க் போட்டு, பிறகு அந்த மாஸ்க்கைப் பெரிதாக்கும். 4,000 பிக்சல் அகலப் படத்தில் மாஸ்க்கின் ஒரு புள்ளி 12 பிக்சலுக்கு மேல் பரவும் என்பதால், பிசிறு முடி கொழகொழவென்று வருவதில் வியப்பில்லை. 1,024 பிக்சல் அளவில் பார்க்கும் மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் நிலைமை வெகுவாகத் தேறுகிறது. இப்போது பெரும்பாலான படங்களுக்கு முதல் மாஸ்க்கை இதனிடம் வாங்கி, கிம்ப்பில் திறந்து, பூவையும் வளையல்களின் இடைவெளியையும் கையால் திருத்துகிறேன்.

ஃபோட்டோபீயைப் பற்றி ஒரு வரி: உலாவியிலேயே ஓடுகிறது, போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளைத் திறக்கிறது, நண்பர் கணினியில் அவசர வேலை செய்ய அதைவிட வசதியானது எனக்குத் தெரியாது.

குத்துவிளக்கில் எல்லா மென்பொருளும் ஒரே இடத்தில் தோற்றன. விளிம்பை எல்லாமே நன்றாகப் பிடித்தன. ஆனால் பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்த பித்தளையின் தண்டிலும் தட்டிலும் அந்தப் பச்சை பிரதிபலித்து உள்ளேயே உட்கார்ந்திருந்தது. பச்சையை மட்டும் மங்கச் செய்தால் பித்தளை வெளிறுகிறது. பளபளக்கும் பொருளை வெள்ளை அல்லது சாம்பல் துணிக்கு முன்னால் மறுபடி எடுப்பதுதான் குறைந்த நேரத்தில் முடியும் வேலை.

நீக்கிய பின் வேறு பின்னணி வைப்பதில் மென்பொருளைவிடச் சூரியன் முக்கியம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைப் பின்னணியாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் சூரிய உதயப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். அங்கே கடல் கிழக்கில் இருப்பதால், உதயத்தைப் பின்னால் வைத்து நிற்பவரின் முகம் உண்மையில் இருட்டாக இருக்க வேண்டும்; ஸ்டூடியோவில் குடை லைட்டில் எடுத்த பளிச்சென்ற முகத்தை அதன் முன் வைத்தால் ஒட்டுவேலை என்பது உடனே தெரிந்துவிடும். மாலையில் வெயில் ஊருக்குப் பின்னாலிருந்து வந்து கடலைப் பார்க்கிறது. அந்த நேரத்துக் கடல் படத்தை வைத்தால் முகத்தின் வெளிச்சம் பொருந்திவிடும். தொடுவானக் கோட்டையும் கவனிக்க வேண்டும்: ஆளை எடுத்தபோது கேமரா அவருடைய மார்பு உயரத்தில் இருந்திருந்தால், கோடும் மார்பு உயரத்தில்தான் அவரைக் கடக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் ஊடுருவும் தன்மைக்கு இடமே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் அது அப்படியே போய்ச் சேரும்.

பாஸ்போர்ட் படத்தை மட்டும் இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கி வைக்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தையே பிரெஞ்சு ஆவணத்துக்கும் மாற்றித் தரச் சொல்லிச் சிலர் வருவார்கள். இரண்டுக்கும் அளவு 35க்கு 45 மில்லிமீட்டர்தான். ஆனால் இந்தியாவுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும். பிரான்சுக்கு வெள்ளை கூடாது, இளஞ்சாம்பலோ இளநீலமோ இருக்க வேண்டும், படத்தில் திருத்தமும் செய்திருக்கக் கூடாது. மென்பொருளில் வெள்ளையைச் சாம்பலாக்க இரண்டு நிமிடம் போதும் என்றாலும் நான் அதைச் செய்வதில்லை. கடைச் சுவரில் இரண்டு துணிகள் தொங்குகின்றன. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்ட பிறகுதான் நாற்காலியைப் போடுகிறேன்.