மூத்தவரோடு முதல் டைவ்கள்: கரையா, படகா?

ஸ்கூபா டைவிங்கில் (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) புதிதாகச் சான்றிதழ் வாங்கியவரை அனுபவசாலியோடு ஜோடி சேர்த்து எங்கே இறக்குவது? அந்தமானின் ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் என்றால் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். ஆழம் குறைவு, அதனால் காற்று மெதுவாகத்தான் தீரும். மிதப்பு (மேலெழாமலும் மூழ்காமலும் ஒரே ஆழத்தில் நிற்பது) பிடிபடவில்லையா, மணல்மேல் திரும்பத் திரும்பப் பழகலாம். மூத்தவர் கைஜாடை காட்டித் திருத்த நேரம் தாராளமாகக் கிடைக்கும். (அவருக்குக் கொஞ்சம் போரடிக்கும், அது வேறு விஷயம்.)

புதுச்சேரியின் டெம்பிள் ரீஃபுக்குப் படகில்தான் போக வேண்டும். செயற்கைத் திட்டு, ஆழம் சுமார் 18 மீட்டர். ஓப்பன் வாட்டர் என்னும் ஆரம்பநிலைச் சான்றிதழின் எல்லையே அதுதான். படகின் ஆட்டமும் கலங்கல் நீரும் சேர்ந்தால் புதியவர் பதற்றத்தில் காற்றை வேகமாகத் தீர்த்துவிடுவார். அங்கே ஒரு புதியவருக்கு ஒரு மூத்தவர்தான் சரி.

என் ஓட்டு முதலில் நீமோவுக்கு. சொல்லாமலே காற்றுமானியைப் பார்க்கும் பழக்கம் வந்த அப்புறம் புதுச்சேரி.