ஃபாரஸ்ட் ஸ்கூலா, பள்ளித் தோட்டமா, எப்பிங் காட்டில் ஒரு நாளா?

எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் படிப்பது கிழக்கு லண்டனில் இரண்டு வேறு ஆரம்பப் பள்ளிகளில். வீடு மாறியபோது சின்னவனுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்தது, பெரியவளின் வகுப்பில் அங்கே காலியிடம் இல்லை, அதனால் அவள் பழைய பள்ளியிலேயே தொடர்கிறாள். காலையில் இரண்டு பக்கமும் ஓடுவது கஷ்டம்தான். ஆனால் அதனாலேயே எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் பார்க்கக் கிடைத்தது. ஒரே ஊர், ஒரே மழை, செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரையான ஒரே ஆட்டம் டேர்ம் (autumn term); பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கிற விதம் மட்டும் பள்ளிக்குப் பள்ளி வேறு.

பெரியவள் பள்ளியில் ஃபாரஸ்ட் ஸ்கூல் உண்டு, அதாவது மரங்களுக்கு நடுவே பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுக் கற்க வைக்கிற முறை. சின்னவன் பள்ளியில் அந்தப் பெயரே கிடையாது, இருப்பதெல்லாம் மரச்சட்டம் அடித்த நான்கு பாத்தியும் வேலியோரம் ஆறேழு மரமும்தான். இது போக இரண்டு பள்ளியிலும் அக்டோபரில் ஒரு நாள் கோச் பஸ் வைத்து லண்டன் விளிம்பில் உள்ள எப்பிங் காட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். பள்ளி தேடும் நம்மவர்கள் பலர் ‘அங்கே ஃபாரஸ்ட் ஸ்கூல் இருக்காமே’ என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பள்ளியை விண்ணப்பத்தில் முதலில் போடுகிறார்கள். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெயரை விடுங்கள், செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் உங்கள் பிள்ளை அதே இடத்துக்கு எத்தனை முறை திரும்பிப் போகிறது என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் ஜெயித்தது பாத்திதான்.

முதலில் ஃபாரஸ்ட் ஸ்கூல். 1993இல் சாமர்செட்டில் உள்ள பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து ஒரு குழு டென்மார்க் போய், அங்கே சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்க வெளியிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே ஆரம்பித்த விஷயம் இது. 2012இல் இதற்கென்றே ஒரு சங்கமும் வந்துவிட்டது. நடத்துபவர் அதற்கான பயிற்சி முடித்து, லெவல் த்ரீ சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். மரங்கள் இருக்கிற இடத்தில் நடக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்தாமல் முடிந்தால் வாராவாரம், நீண்ட காலத்துக்கு நடக்க வேண்டும். என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் பிள்ளையே தீர்மானிக்கும். ஒருத்தி சேற்றில் சமைப்பாள், ஒருவன் கயிறு கட்டுவான், இன்னொருத்தி ஒரு மணி நேரமும் மரவட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இதன் உயர்வை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், ஒரு நாள் போனேன். பெரியவளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் உருளைக்கிழங்கு சீவுகிற அதே பீலர், ஒரு கையில் தடிமனான கையுறை, இன்னொரு கையில் பீலர், முழங்காலுக்கு வெளிப்பக்கமாக உடம்பை விட்டு விலகிச் சீவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்டர் என்ற சிறு மரத்தின் குச்சியில் பட்டை நூல் நூலாக உரிந்து விழுந்தது. அந்தக் குச்சிக்கு நடுவில் வெண்டு மாதிரி மெத்தென்று இருக்கும், கம்பியால் அதைக் குத்தித் தள்ளினால் மணி கிடைக்கும். நாலு மணி கோத்து எனக்குக் கட்டிவிட்டாள். தீ மூட்டிய இடத்தில் இன்னும் கண்டிப்பு: நெருப்புப் பக்கம் போனால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித்தான் இருக்க வேண்டும், தடுமாறினாலும் பின்பக்கமாகத்தான் விழ வரும் என்பதற்காக. வீட்டில் அடுப்புப் பக்கமே வராதே என்று நான் விரட்டிக்கொண்டிருந்த பிள்ளை, அன்றைக்கு அந்த ஒழுங்கோடு நெருப்பு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்படியானால் ஏன் இதை முதலில் வைக்கவில்லை? முறையில் குறை இல்லை, பள்ளிகள் அதைக் கூறு போடுகிற விதத்தில்தான் சிக்கல். பயிற்சி பெற்றவர் ஒருவர், வகுப்புகளோ ஏழு வருஷத்துக்கானவை. அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆறு வாரம் என்று பிரித்துவிடுகிறார்கள். ஆட்டம் டேர்ம் அக்டோபர் கடைசி வாக்கில் ஹாஃப் டேர்ம் விடுமுறையால் இரண்டாக உடைகிறது அல்லவா? முன்பாதியில் முறை வந்த வகுப்புக்கு ஓக் மரத்துக் கொட்டையான ஏகோர்ன் கிடைக்கும், ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்துக் கொட்டையான கான்கர் கிடைக்கும், பிளாக்பெரியின் கடைசிப் பழங்கள் கிடைக்கும், ஆனால் மரம் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். லண்டனில் இலை கொட்டுவது பெருமளவில் ஹாஃப் டேர்முக்கு அப்புறம்தான். பின்பாதியில் வருகிற வகுப்பு இலைக் குவியலிலும் சேற்றிலும் குதிக்கும், அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்திருக்காது. பெரியவளுக்கு முன்பாதி. இரண்டாவது வாரம் அவளும் ஒரு தோழியும் ஒரு ஓக் மரத்துக்குப் பெயர் வைத்துத் தங்கள் மரம் என்று சொல்லிக்கொண்டார்கள். நவம்பரில் அந்த மரம் மஞ்சளானதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டித்தான் பார்த்தாள். அடுத்த முறை எப்போது என்று கேட்டேன், அடுத்த வருஷம் என்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில பள்ளிகள் ஃபாரஸ்ட் ஸ்கூல் நேரத்துக்குள்ளேயே கணக்கையும் எழுத்தையும் திணிக்கப் பார்க்கின்றன, குச்சிகளை நீள வரிசையில் அடுக்கு, பத்து இலை எண்ணு என்று. அப்புறம் அதில் பிள்ளையின் விருப்பம் எங்கே மிச்சம்? பாடம் நடத்த வேண்டும் என்றால் தாராளமாக வெளியே நடத்துங்கள், அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

அந்த வேறு நேரம்தான் சின்னவன் பள்ளியில் நடப்பது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம். தனிப் பயிற்சி எடுத்த ஆள் இல்லை, வகுப்பு ஆசிரியையும் ஓர் உதவியாளரும், கூட ஒரு பெற்றோரும். இங்கிலாந்தின் பாடத்திட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது: முதல் வகுப்புக்கு நான்கு பருவமும் மாறுவதைக் கவனிக்க வேண்டும், பகல் நீளம் மாறுவதைச் சொல்லத் தெரிய வேண்டும், இலை உதிர்க்கும் மரத்தையும் உதிர்க்காத மரத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு விதையும் கிழங்கும் வளர்ந்து செடியாவதைப் பார்க்க வேண்டும். அதனால் வெளியே போவது பாட நேரத்தைத் தின்பதில்லை, பாடமே அதுதான். இதனால்தான் இந்த ஏற்பாடு வாரம் தவறாமல் நடக்கிறது, யாரும் ‘இந்த வாரம் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை, தோட்டம் கிடையாது’ என்று எளிதில் நிறுத்துவதில்லை.

வேலியோரம் நிற்பதில் ஒன்று ஹார்ஸ் செஸ்ட்நட். செப்டம்பர் முதல் வாரமே அதன் இலையெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது. இலையுதிர் பருவம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் கத்தினார்களாம். ஆசிரியை ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டியிருக்கிறார், உள்ளே சின்னப் புழு. இலைக்குள்ளேயே குடைந்து தின்கிற ஒரு அந்துப்பூச்சியின் புழு அது, இந்த நாட்டில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 2002இல், இங்கே லண்டனில், விம்பிள்டனில்தான். பக்கத்தில் நிற்கிற சிக்கமோர் அக்டோபர் கடைசியில் நிறம் மாறியபோது, இது வேறு, அது வேறு என்று சின்னவன் எனக்கு விளக்கினான்: ஒன்று பூச்சி தின்றது, மற்றதில் பச்சை போய் உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது புரிந்ததற்குக் காரணம், அதே இரண்டு மரத்தை எட்டு வாரம் தொடர்ந்து பார்த்ததுதான்.

பாத்தி விஷயம் இன்னும் முக்கியம், இதைப் பல பள்ளிகள் தலைகீழாகச் செய்கின்றன. வசந்தத்தில் தக்காளியும் பூசணியும் போடுவார்கள், அது காய்க்கிற ஆகஸ்டில் பள்ளியில் ஒரு குஞ்சு இருக்காது, செப்டம்பரில் திரும்பி வந்தால் எல்லாம் காய்ந்து கிடக்கும். ஆட்டம் டேர்மில் நட்டால் கணக்குச் சரியாக வரும். அக்டோபர், நவம்பரில் பூண்டுப் பல்லும் பிராட் பீன்ஸும் ஊன்றினால் குளிரைத் தாங்கி நின்று, மே, ஜூனில் பீன்ஸும், பள்ளி மூடுவதற்குள் பூண்டும் கைக்கு வரும், நட்ட அதே வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு. பீன்ஸில் எல்லா ரகமும் குளிர் தாங்காது, அக்வாடுல்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். பார்க்க நம் மொச்சையைப் பெரிதாக்கினது போல இருக்கும். சின்னவன் சுண்டுவிரலை மண்ணில் முழுக்கவிட்டு அந்தக் குழியில் ஒரு விதையைப் போட்டு மூடினான், அந்த ஆழம் போதும். மூன்று நாளில் இரண்டு விதையை எலி தோண்டிவிட்டது. அடுத்த வாரம் பிள்ளைகளே யோசித்து, முள் முனை கொண்ட ஹாலி இலையைச் சுற்றிலும் பரப்பிவைத்தார்கள். மூன்றாவது விதையையும் எலி தோண்டியதால் மேலே கம்பிவலை போட வேண்டியதாயிற்று.

இதிலும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆசிரியைக்கு ஆர்வம் இல்லையென்றால் எல்லாம் படுத்துவிடும். நெருப்பு கிடையாது, கத்தி கிடையாது, மரம் ஏறுவது கிடையாது. முப்பது பிள்ளைகள், நான்கு பாத்தி, பாதிப் பேர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தன் போக்கில் விடப்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கிற அந்த நிதானம் ஃபாரஸ்ட் ஸ்கூலில் கிடைத்த அளவுக்கு இங்கே கிடைக்கவில்லை. பேசவே தயங்குகிற பிள்ளை, வகுப்பில் உட்கார முடியாத பிள்ளை என்றால் நான் ஃபாரஸ்ட் ஸ்கூலைத்தான் சொல்வேன், அதுவும் வருஷம் முழுக்க வாராவாரம் நடத்துகிற பள்ளி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

எப்பிங் காட்டுப் பயணம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காடு அருமையானது. 1878இல் சட்டம் போட்டுக் காப்பாற்றிய இடம், கிளை வெட்டி வெட்டித் தலை பெருத்த ஹார்ன்பீம் மரங்களைப் பெரியவள் பூதம் என்றாள். ஆனால் ஒரே நாள், அதில் கோச்சிலேயே பாதி, சாப்பாடு, கழிப்பறை, தலை எண்ணுவது. பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்கு அரசுப் பள்ளிகள் விருப்பப் பங்களிப்பாகத்தான் பணம் கேட்கலாம், கொடுக்க முடியவில்லை என்பதற்காக உங்கள் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு வந்த கடிதத்தில் தொகை பெரிய எழுத்திலும் இந்த வாசகம் சின்ன எழுத்திலும் இருந்தது. மேனர் பார்க், ஃபாரஸ்ட் கேட் பக்கம் இருப்பவர்களுக்கு வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் நடக்கிற தூரம், அதுவும் எப்பிங் காட்டைச் சேர்ந்ததுதான், ஞாயிறு காலையில் நீங்களே கூட்டிப்போகலாம்.

பள்ளி முடிந்தபின் நடக்கும் வெளிப்புற கிளப்பை நம்பிச் சேர்க்காதீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் எல்லாம் மாறிவிடும். நவம்பர் தொடக்கத்தில் நாலரை வாக்கிலேயே சூரியன் போய்விடும், டிசம்பர் நடுவில் நாலு மணிகூட ஆகாது. வெளிச்சம் இருக்கிற நேரம் முழுக்கப் பிள்ளை பள்ளிக்குள் இருக்கிறது, ஆகவே பள்ளி நேரத்தில் வெளியே விட்டால்தான் உண்டு.

கும்பகோணத்திலிருந்து அம்மா ஒவ்வொரு வாரமும் போனில் கேட்கிறாள், ‘ஏண்டி, புள்ளைங்கள மழையில விடுறாங்களே, சளி புடிக்காதா?’ அங்கே ஐப்பசி அடைமழையில் பள்ளிக்கு விடுமுறை விடுவதைப் பார்த்தவள், கேட்கத்தான் செய்வாள். இங்கே மழைக்கு நிறுத்துவதில்லை, பலத்த காற்றடித்தால்தான் நிறுத்துகிறார்கள், கிளை முறிந்து விழும் என்று. பிள்ளை நடுங்குவதற்குப் பெரும்பாலும் ஈரமான பருத்திச் சாக்ஸ்தான் காரணம். வெல்லி என்கிற ரப்பர் பூட்ஸை ஒரு அளவு பெரிதாக வாங்கி உள்ளே கம்பளிச் சாக்ஸ் போட்டு அனுப்புங்கள், ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸ் பையில் இருக்கட்டும். பூட்ஸ் புதிதாகவே வேண்டும் என்று இல்லை, பழைய பொருள் விற்கிற பக்கத்துத் தர்மக் கடைகளில் (charity shop) கிடைக்கும்.

அப்புறம் கான்கர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் வீடுகளில் இந்தக் குழப்பம் வருகிறது. பிள்ளை கோட்டுப் பையில் கொண்டுவருகிற அந்தக் காய், வழவழவென்று புளியங்கொட்டையைப் பெரிதாக்கியது போலப் பளபளக்கும், அதைச் சாப்பிடக் கூடாது, நஞ்சு. சுட்டுத் தின்கிற ஸ்வீட் செஸ்ட்நட் வேறு, அதன் மேலோட்டில் முள் ஊசி ஊசியாக நெருக்கமாக இருக்கும், கொட்டையின் முனையில் சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும். இதுவும் சின்னவன் வியாழக்கிழமை கற்று வந்து வீட்டில் எங்களுக்குச் சொன்னதுதான். ஃபாரஸ்ட் ஸ்கூலில் மார்ஷ்மெல்லோ சுடுவார்கள், பலவற்றில் பன்றி ஜெலட்டின் இருக்கும், உங்களுக்கு ஆகாதென்றால் முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள், மாற்று வாங்கி வைப்பார்கள்.

பள்ளியைச் சுற்றிக் காட்டுகிற நாளில் ‘ஃபாரஸ்ட் ஸ்கூல் உண்டா’ என்பதோடு நிறுத்தாமல், என் பிள்ளையின் வகுப்புக்கு எந்தெந்த வாரம், ஹாஃப் டேர்முக்கு அப்புறமும் உண்டா, பாத்தியில் இப்போது என்ன ஊன்றியிருக்கிறது என்று கேளுங்கள். பெரியவள் பள்ளிக்கு நான் போன வாரம் எழுதினேன்: ஃபாரஸ்ட் ஸ்கூல் முறை முடிந்த வகுப்புகளை, நெருப்பு, கத்தி எதுவும் இல்லாமல், வாரம் அரை மணி நேரம் அந்த மரங்களைப் பார்க்க மட்டுமாவது கூட்டிப்போங்கள், ஆள் போதவில்லையென்றால் நான் வருகிறேன் என்று. நவம்பர் முடியும்வரை சோதித்துப் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மதியம் முதல் தடவை. பெரியவள் இப்போதே வெல்லியை வாசலில் எடுத்து வைத்துவிட்டாள்.