ஒரே ரெப்போவா, தனித்தனி ரெப்போவா?

சனிக்கிழமை காலை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சென்சார் வாங்குவது, மதியம் அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி அதை ஓட்டிப் பார்ப்பது என்று ஆறு பேர் சேர்ந்து பொழுதைக் கழிக்கிறோம். அர்டுயினோ, இஎஸ்பி32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டுகளுக்கு ஆளாளுக்கு எழுதிய கோடு இருபது டிரைவர்களை (சென்சார், மோட்டார் போன்ற ஒன்றை இயக்கும் கோடு) தாண்டியபோதுதான், இதையெல்லாம் பொது நூலகமாக எப்படி வைப்பது என்ற கேள்வி வந்தது. கோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லாவற்றையும் ஒரே ரெப்போவில் (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்) வைப்பது, இல்லை டிரைவருக்கு ஒன்றாகப் பிரிப்பது என்று இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டோம். நான் ஒரே ரெப்போ கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூகுள் டிரைவில் ஸிப் போட்டு வைப்பதையும் ஒரு வழியாகச் சிலர் சொல்வார்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று கிடக்கும். அதோடு விட்டுவிடலாம்.

முதலில் டிரைவருக்கு ஒரு ரெப்போ என்று பிரித்தோம். இதில் பெரிய வசதி, அர்டுயினோ மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் நூலகப் பட்டியலான லைப்ரரி மேனேஜரில் பதிவு செய்யலாம். பயன்படுத்துகிறவர் பெயரைத் தேடி இன்ஸ்டால் அழுத்தினால் போதும். கிட்ஹப்பில் புதிய டேக் (பதிப்புக்கான அடையாளப் பெயர்) போட்டால் அடுத்த பதிப்பு தானாகவே பட்டியலில் ஏறிவிடும். ஆனால் நூலகத்தின் விவரம் இருக்கும் லைப்ரரி.பிராப்பர்டீஸ் ஃபைலிலும் பதிப்பு எண்ணை உயர்த்தியிருக்க வேண்டும். நான் ஒருமுறை 1.0.3 என்று டேக் போட்டுவிட்டு ஃபைலில் 1.0.2 என்றே விட்டுவிட்டேன். பட்டியலில் ஏன் வரவில்லை என்று இரண்டு நாள் முழித்தேன்.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். எங்களை உட்காரவைத்தது பராமரிப்பு.

2024-இல் இஎஸ்பி32-ஐ அர்டுயினோவில் ஓட்டவைக்கும் அடிப்படை மென்பொருளான கோரின் 3.0 பதிப்பு வந்தது. பிடபிள்யூஎம்முக்கு (பின்னை வேகமாக ஆன், ஆஃப் செய்து வேகம், வெளிச்சம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் முறை) இருந்த எல்இடிசி செட்டப், எல்இடிசி அட்டாச்பின் என்ற ஃபங்ஷன்கள் இரண்டையும் எடுத்துவிட்டு எல்இடிசி அட்டாச் என்று ஒன்றாக்கிவிட்டார்கள். சர்வோ, பஸ்ஸர், மோட்டார், டிஸ்பிளே பேக்லைட் என எங்கள் டிரைவர்கள் நான்கும் ஒரே நாளில் படுத்துக்கொண்டன. ஒரே திருத்தத்தை நான்கு இடத்தில் போட்டு, நான்கு முறை பதிப்பு உயர்த்தி, நான்கு டேக் போட வேண்டும். அதில் மோட்டார் டிரைவர் இருந்தது ஒரு தம்பியின் சொந்தக் கணக்கில். அவன் வேலை மாறிப் புனே போனபிறகு ரெப்போ பக்கமே வரவில்லை. நாங்கள் ஃபோர்க் (எங்கள் கணக்கில் ஒரு நகல்) எடுத்தோம். ஆனால் லைப்ரரி மேனேஜரில் அந்தப் பெயர் பழைய முகவரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குழுவுக்குப் பொதுவான ஆர்கனைசேஷன் கணக்கில் வைத்திருந்தால் இந்தப் பாதித் தலைவலி வந்திருக்காது என்பது உண்மை. மீதிப் பாதி அப்போதும் இருந்திருக்கும்.

அதன்பிறகுதான் எல்லாவற்றையும் ஒரே ரெப்போவில், டிரைவருக்கு ஒரு ஃபோல்டர் என்று கொட்டினோம். இப்போது யார் எதை மாற்றினாலும் அர்டுயினோ சிஎல்ஐ என்ற கட்டளைவரிக் கருவி எல்லா உதாரணங்களையும் அர்டுயினோ யூனோ போர்டுக்கும் இஎஸ்பி32-க்கும் கம்பைல் செய்து பார்க்கிறது. எது உடைந்தது என்பது ஒரே திரையில் தெரியும். திருத்தமும் ஒரே கமிட்டில் (ஒருமுறை பதியும் மாற்றம்) முடியும்.

இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் மூன்றும் அளக்கும் பிஎம்இ280 சென்சார் என்று வாங்கிய மாட்யூல் ஒன்று ஈரப்பதமே காட்டவில்லை. சிப் தன் அடையாள எண்ணை வைத்திருக்கும் ஐடி ரிஜிஸ்டரைப் படித்தால் ஹெக்ஸில் 60 வர வேண்டும், வந்தது 58. அதாவது உள்ளே இருந்தது பிஎம்பி280, அதற்கு ஈரப்பதம் அளக்கவே தெரியாது. அன்றே ஐடி சரிபார்க்கும் துண்டை 'பொது' ஃபோல்டரில் ஒருமுறை எழுதினோம். ஐடி உள்ள சென்சார்களின் டிரைவர் எல்லாம் இப்போது அதையே கூப்பிடுகிறது. தனித்தனி ரெப்போவாக இருந்திருந்தால் அது ஏழு இடத்தில் ஏழு விதமாக வளர்ந்திருக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. லைப்ரரி மேனேஜரில் ஒரு ரெப்போவுக்கு ஒரு லைப்ரரிதான், அதனால் ஒரே சொடுக்கில் நிறுவும் வசதி போய்விட்டது. கல்லூரிப் பையன் ஒருவன் தனக்கு வேண்டிய ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, "அண்ணா, ஏதோ ஹெடர் இல்லைன்னு எரர் வருது" என்று போன் செய்தான். 'பொது' ஃபோல்டரையும் எடுக்க வேண்டும் என்று ரீட்மீயில் தடித்த எழுத்தில் போட்டோம். அப்படியும் போன் நிற்கவில்லை. வெளியாட்கள் அதிகம் கேட்கும் டிஸ்பிளே டிரைவரை மட்டும் இன்னும் தனி ரெப்போவாகவே வைத்திருக்கிறோம். கட்சி மாறிவிட்டேன் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

ஆறு பேருக்கு இது சரி. நூறு பேர் எழுதும் இடத்தில் தாங்குமா என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. எஸ்டிஎம்32 என்ற வேறு வகைச் சிப்கள் பக்கம் எங்களில் ஒருவர்தான் போகிறார், அதனால் அதைப் பற்றியும் அளந்துவிட மாட்டேன்.

அப்புறம், கம்பைல் ஆனதை நம்பி நாங்களே ஏமாந்திருக்கிறோம். கோர் 3.0-இல் பிடபிள்யூஎம் அளவை எழுதும் எல்இடிசி ரைட்டுக்கு, சிப்பின் உள்ளே இருக்கும் சேனலின் எண்ணுக்குப் பதில் வெளியே இணைக்கும் பின்னின் எண்ணைக் கொடுக்க வேண்டும். இரண்டும் வெறும் எண்தானே, சேனல் 0 என்று பழையபடி கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. பச்சை டிக் விழுந்தது, மாடியில் பஸ்ஸர் கத்தவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்ன ஃபைல்: எந்த போர்டில், யார், என்றைக்கு ஓட்டிப் பார்த்தார்கள். மோட்டார் ஃபோல்டரில் அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.